வெந்நீரில் துவைத்த தக்கை

நிக்கோபார் தீவில், கேம்பல் பேயில் எங்களுக்குச் சர்க்கார் நிலம் கிடைத்த முதல் வருடமே, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெயின்லேண்டுக்குப் போய்விடலாம் என்று என் கணவர் மனு எழுதிவிட்டார். காரணம் காட்டுப்பன்றி. மரவள்ளி கிழங்கு பிடிக்கிற நேரம் பார்த்து, தினமும் சாயங்காலம் குடும்பத்தோடு வந்து தோண்டித் தின்றுவிட்டுப் போகும்.

எனக்குத் திரும்ப மனமே இல்லை. வேலூர்ப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீருக்கு அரை நாள் வரிசையில் நின்றவள் நான். இங்கே தகரக் கூரைக்கு அடியில் அண்டாவை வைத்தால் போதும். தனி அடுப்பு, தனி வாசல், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. இதை விட்டுப் போகச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அவர் பட்டாளத்தில் இருந்தவர். பன்றிக்கென்று லைசென்ஸ் எடுத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி வாங்கியிருந்தார். பட்டாளத்தில் தோட்டா தயாராகக் கைக்கு வரும். இங்கே கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. அதனால் சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டாவில் கருமருந்து போட்டு, தக்கை வைத்து அடைத்து, மேலே ஈய ரவையை நிரப்புவார். தக்கைக்காகத் தன் பழைய பட்டாளத்துக் கம்பளியை வட்டம் வட்டமாக வெட்டி, கொழுப்புத் தடவி ஒரு டப்பாவில் வைத்திருந்தார்.

முதல்முறை சுடப்போன அன்று, வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரரான சர்தார்ஜியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். அவரும் பட்டாளத்துக்காரர்தான். இவர் நெஞ்சை நிமிர்த்திக் குறிபார்த்து விசையை இழுத்தார். ‘புஸ்’ என்றது. புகை சோம்பலாக வெளியே வந்தது. ரவை பத்தடி தள்ளிப் பொலபொலவென்று உதிர்ந்தது. பெரிய பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கிழங்கைத் தோண்டியது. சர்தார்ஜி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“இன்னா ஊர் இது? இந்தக் காத்துல மருந்தே நமுத்துப்போவுது, மனுஷன் இருப்பானா? திங்கக்கிழம ஆபீஸ்ல மனுவக் குடுத்துடறேன்” என்றார் இவர்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் ஆசைப்பட்ட ஊரை யாரும் வாய்க்கு வந்தபடி பேசக்கூடாது. மறுநாள் காலை அவர் வெளியே போனதும், ஒரு சிட்டிகை மருந்தைத் தகர மூடியில் வைத்து, நீளமான குச்சியால் நெருப்பு வைத்தேன். பளிச்சென்று எரிந்து, முற்றமெல்லாம் தீபாவளி வாசனை. மருந்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு எரிந்தும் அந்த லேசான மூடி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அப்போதுதான் யோசித்தேன். திறந்தவெளியில் புகை தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. போக வழியில்லாமல் அடைபட்டால்தான் புகை புகையை நெருக்கி, அந்த நெருக்கத்தில் மிச்ச மருந்தும் வேகமாகப் பற்றி, முன்னால் இருப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு பாயும். அப்படியானால் தோட்டாவுக்குள் புகைக்கு எங்கோ வழி கிடைத்திருக்கிறது.

ஒரு தக்கையை எடுத்து, கம்பளியில் அதை வெட்டிய ஓட்டையின்மேல் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் அரிசி நுழைகிற இடைவெளி.

குற்றவாளி நான்தான். போன வாரம் அந்த டப்பாவில் எறும்பு மொய்த்தது, கொழுப்பு நாற்றம் வேறு. எல்லாவற்றையும் சோடா போட்டுக் கொதிக்கவைத்துத் துவைத்து, காயவைத்து, சமர்த்தாகத் திருப்பி வைத்திருந்தேன். வெயிலிலேயே வளர்ந்தவளுக்குக் கம்பளி சுருங்கும் என்று யார் சொன்னார்கள்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி தீவின்மேல் விழும், நான் கப்பலேற வேண்டும். சொன்னால் ஆயுசுக்கும் கேலி. கேலியே மேல் என்று மத்தியானச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன்.

“தோட்டாத் தக்கையவா தொவச்ச?”

“அழுக்கா இருந்துச்சி.”

அவர் எழுந்து கையைக் கழுவினார். “கஞ்சி போடலியே” என்று மட்டும் கேட்டுவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மிச்சக் கம்பளியோடு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் வெடித்த வெடியில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பன்றிகள் காட்டைப் பார்த்து ஓடின. இவர் இரண்டடி பின்னால் போய் மரவள்ளிப் பாத்தியில் உட்கார்ந்துவிட்டார். புகைக்குள்ளிருந்து இவருடைய சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

சர்தார்ஜி ஓடிவந்து, “கல் க்யா ஹுவா தா?” என்றார். நேற்று என்ன ஆயிற்று என்று கேட்கிறார். போச்சு, நாளைக்குக் காலனி முழுக்கச் சிரிக்கும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தக்கை லூஸ் தா. கல்தி மேரா” என்றார் இவர். தப்பு தன்னுடையதாம்.

“ஔர் ஜஹாஜ்?”

“கப்பலா? ஹம் நஹி ஜாயேகா.” நாங்கள் போகவில்லையாம்.

பட்டாளத்தில் ஒருநாளும் தப்பு செய்ததில்லை என்று பெருமை பேசுகிற மனிதர். அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சர்தார்ஜி நின்றுகொண்டிருந்ததால் டீ போட உள்ளே போனேன்.