பதினேழு இன்ச் மானிட்டரும் மூன்று சண்டைகளும்

எனக்கு ரோஷம் அதிகம். நான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், அம்மா குறையாகச் சொல்வாள். என் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய பொருளையும் அந்த ரோஷத்தில்தான் வாங்கினேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. முன்பக்கம் மெயில் பார்க்கிறவர்கள், பின்பக்கம் விளையாடுகிறவர்கள். பின்பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு கார் பந்தய விளையாட்டின் மேல்தான் பித்து. ஒரு சுற்றை யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ, அவர்களுடைய நேரத்தைச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பார்கள்.

எனக்கு ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பதிவு போடும் வேலை. சாயங்காலம் வேலை முடிந்து, எங்கள் ஊர் அகரத்துக்குப் பஸ் வருகிற வரைக்கும் கிடைக்கும் அரை மணி நேரத்தை அங்கேதான் செலவழிப்பேன். பின்பக்கத்தில் உட்காரும் ஒரே பெண் நான். பலகையில் எனக்கு இரண்டாம் இடம். முதல் இடத்தில் ஓர் இன்ஜினியரிங் மாணவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

புரட்டாசி தொடக்கத்தில் ஒருநாள் சென்டர்காரர் போட்டி அறிவித்தார். ஐப்பசி பிறந்ததும் வரும் முதல் ஞாயிறு, பலகையில் உள்ள எட்டுப் பேரும் ஒரே பந்தயத்தில் ஒன்றாக, ஆளுக்கு மூன்று சுற்று. அந்த மாணவன் என் பக்கம் திரும்பினான்.

"நீங்களும் வாரீங்களாக்கா? சும்மா வாங்க. கைதட்ட ஆள் வேணும்ல."

பின்னால் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"வாரேன் தம்பி. உன் ரெண்டு கையையும் பத்திரமா வச்சுக்க. எனக்குத் தட்டணும்ல" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, தினமும் அரை மணி நேரப் பழக்கத்தை வைத்துக்கொண்டு அவனை ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஓட்டிப் பழக வேண்டும். அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஒரு சிபியுவை ஏற்கெனவே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். விளையாட்டின் சிடியும் கையில் இருந்தது. இல்லாதது மானிட்டர் மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தம்பிக்குப் படிக்கவாம்மா?" என்றார். எனக்குத்தான், கார் ஓட்ட, என்றதும் நிமிர்ந்தார். அப்போதுதான் வந்துகொண்டிருந்த எல்சிடியைக் காட்டி, தவணையில் தருகிறேன் என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிடியைப் போட்டு ஓட்டிப் பார்த்தால், வேகமாகத் திரும்பும்போது காருக்குப் பின்னாலேயே மங்கலாக இன்னொரு கார் இழுத்துக்கொண்டு வந்தது. என் சம்பளத்துக்கு அது எட்டாது என்பது வேறு விஷயம். எட்டினாலும் வாங்கியிருக்க மாட்டேன். இரண்டாவது கடைக்காரர் சிடியைப் போடவே விடவில்லை. வைரஸ் வந்துவிடுமாம்.

மூன்றாவது கடை சின்னது. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ ஒரு சர்க்யூட் போர்டில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஓட்டிப் பாரும்மா, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

கடையில் இருந்த நான்கு டியூப் மானிட்டர்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பேன். நேராகப் பார்த்தால் தெரியாத துடிப்பு ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். இரண்டு மானிட்டர்கள் அதில் தோற்றன. ஒன்றின் கண்ணாடி வளைந்திருந்ததால், நேரான ரோடும் ஓரத்தில் வளைந்து தெரிந்தது. கடைசியில் ஒரு பதினேழு இன்ச் தேறியது. தட்டைக் கண்ணாடி, நொடிக்கு எண்பத்தைந்து முறை படம் மாறியும் எழுத்து மங்கவில்லை. ஒருவர் பயன்படுத்திக் கொடுத்ததுதான், அதனால் என் கைக்கு அடங்கியது. ஒரு மணி நேரம் அவர் கடையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனிதர் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை.

அதை ஒரு போர்வையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டார்.

அப்பா மைக் செட்காரர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று வாடகைக்குப் போய்வரும் ஸ்பீக்கர் பெட்டிகள்தான் எங்கள் வீடு முழுக்க. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, எல்லாம் வீட்டிலேயே அடைந்து கிடக்கும். ஒரு பெட்டியின் மேல் அம்மா ஊறுகாய் ஜாடி வைத்திருப்பாள், இன்னொன்றின் மேல் நான் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன். இரண்டு பெட்டிகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையைப் போட்டு, அதுதான் எனக்கு மேசை. மானிட்டரை அதில் தூக்கி வைத்தேன்.

திரை வந்தது. இடப்பக்கம் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, நாவல்பழக் கறை மாதிரி ஊதா. அதைச் சுற்றிப் பச்சை. இடப்பக்கத் திருப்பம் வரும்போதெல்லாம் ரோட்டின் வெள்ளைக் கோடு அந்தக் கறைக்குள் போய் மறைந்தது.

மறுநாளே மானிட்டரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கடையில் போட்டால் கறையைக் காணோம். பளிச்சென்று இருக்கிறது.

"இங்க நல்லாத்தானேம்மா இருக்கு? வீட்ல பக்கத்துல ஸ்பீக்கர் கீக்கர் ஏதும் இருக்கா?" என்றார் கடைக்காரர்.

"கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாதுண்ணே. காதுல மாட்டுறதுதான்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கறை. இரண்டாம் முறை போனபோது வேறு மானிட்டர் கேட்டுச் சண்டை போட்டேன். கொடுத்தார். அதிலும் அதே இடத்தில் அதே கறை. மூன்றாம் முறை போனபோது கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எனக்கு எது பற்றியும் கவலையில்லை.

"பொம்பளப் புள்ளைக்கு என்ன தெரியும்னுதான இந்த வேலை பாக்குறீங்க? கடையில நல்லாக் காட்டி, வீட்டுக்குப் போனதும் பல்லை இளிக்கிற சரக்கா குடுத்து ஏமாத்துறீங்களே! இது பொழப்பா?"

நின்றவர்களில் ஒருவர் கையிலிருந்த கீபோர்டைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே போனார். கடைக்காரர் பில் போடும் மேசையில் இருந்த தன்னுடைய மானிட்டரின் வயரைப் பிடுங்கி, அதைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"இது நான் வச்சிருக்கிறது. இத விட நல்லது எங்கிட்ட இல்ல. கொண்டு போங்கம்மா."

அதிலும் கறை. இனி அலைய நாளில்லை. கறையோடேயே ஓட்டுவது என்று முடிவெடுத்தேன். இடப்பக்கத் திருப்பத்தில் கண்ணை நம்பாதே, காதை நம்பு. வேகத்தைக் குறைக்கும்போது இன்ஜின் சத்தம் கம்மும், அங்கிருந்து ஒன்று, இரண்டு எண்ணித் திருப்பு. முதல் வாரம் முழுக்கச் சுவரில் மோதினேன். மூன்றாவது வாரத்தில் மோதுவது நின்றது. தட்டில் சோற்றைப் பிசையும்போதுகூட என் இடது கை தொடையில் எண்ணிக்கொண்டிருப்பதாக அம்மா திட்டினாள்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, ஐப்பசியின் முதல் முகூர்த்தம். வடமதுரையில் ஒரு கல்யாணத்துக்கு அப்பா காலையிலேயே பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்.

"உன் மேசையையும் எடுக்கணும்த்தா. பெரிய மண்டபம், இருக்கிறது பத்தாது."

நான் வேலைக்குப் போகும் அவசரத்தில் மானிட்டரை அம்மாவின் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து போட்டேன்.

கறை இல்லை.

அணைத்துப் போட்டேன். இல்லை. பெட்டிகள் போய், பலகை மட்டும் கிடந்த இடத்தைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி அப்பா கல்யாண வேலையை முடித்து, பெட்டிகளோடு வந்து இறங்கியதும் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "எம் பெட்டி பாட்டுத்தான்த்தா படிக்கும், படத்தையுமா கெடுக்கும்?" என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். ஊதா படர்ந்தது. விலகினார், குறைந்தது. உள்ளே இருக்கும் காந்தத்தின் வேலை. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் நடந்து, "ஏ இங்க பாரு, பச்சையாகுது பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டார். எனக்கோ அழுகையாக வந்தது. பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கடைக்காரர் அன்றே வாயைத் திறந்து கேட்டார். எங்கள் வீட்டில் அது ஸ்பீக்கர் இல்லை, மேசைக் கால்.

சனிக்கிழமை கடைசிப் பழக்கத்துக்கென்று லீவு போட்டிருந்தேன். அவருடைய மானிட்டர் என்னிடம்தான் இருந்தது, கறையும் போய்விட்டது. ஞாயிறு போட்டி முடிந்து திங்கட்கிழமை கொடுத்தால் போதும் என்று மனசு சொன்னது. திருட்டு மனசு. பேசாமல் போர்வையை எடுத்து அதைச் சுற்றினேன்.

கடையில் அவர் தனியாக இருந்தார். எல்லாவற்றையும் சொல்லி, "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மதுரையில எனக்குச் சரக்குக் குடுக்கிறவர்கிட்ட மூணு வாரமா சண்டை போட்டுக்கிட்டு இருக்கேம்மா. சரி, விடுங்க" என்றார். பிறகு, வயரை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "திட்டும்போது கடை நெறைய ஆளு இருந்தாங்க."

அது குத்தியது. நியாயமாகத்தான் குத்தியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் என்னம்மா?"

"ஆளுக வரட்டும்ணே."

ஒருவர் மவுஸ் வாங்க வந்தார். ஒருவர் போதாது. அவர் போனார். சாப்பாட்டு நேரம் போனது. என் பழக்க நேரமும் கூடவே போனது. கடைசியில் நான்கைந்து பேர் சேர்ந்தபோது நான் எழுந்து நின்றேன். எந்தக் குரலில் கத்தினேனோ அதே குரலில் சொன்னேன்.

"இவரை ஏமாத்துறாருன்னு இதே எடத்துல நின்னு திட்டுனேன். தப்பு எங்க வீட்ல. இவரு குடுத்த மூணு மானிட்டரும் நல்ல மானிட்டர். கேட்டுக்கங்க."

எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, உள்ளே போய், நான் முதலில் பொறுக்கி எடுத்த அதே பதினேழு இன்ச்சைக் கொண்டுவந்து வைத்தார். விற்காமல் வைத்திருந்தார்.

மறுநாள் சென்டரில் எனக்குக் கிடைத்தது கறையில்லாத, துடிக்காத திரை. அப்படியும் அந்த மாணவன் எனக்கு முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தான். வலப்பக்கத் திருப்பங்களில் அவன் வேகம் எனக்கு இல்லை. ஆனால் இடப்பக்கம் வரும்போதெல்லாம் அவன் கோட்டைத் தேடிப் பிரேக் பிடித்தான். நான் தேடவில்லை. சத்தம் கம்மியது, ஒன்று, இரண்டு, திருப்பினேன். மூன்றாவது சுற்றின் கடைசி இடப்பக்கத்தில் அவனைத் தாண்டினேன். சென்டர்காரர் பலகையில் முதல் வரியை அழித்தார்.

அவனும் நல்ல பிள்ளைதான். சொன்ன சொல்லுக்கு இரண்டு கையாலும் தட்டினான். பிறகு பக்கத்தில் வந்து, குரலை இறக்கிக் கேட்டான்.

"அக்கா, வீட்ல என்ன மானிட்டர் வச்சு ஓட்டுனீங்க? நானும் ஒண்ணு வாங்கணும்."

கடையின் பெயரையும் வழியையும் சொன்னேன். "டியூப் மானிட்டராவே வாங்கு தம்பி. அப்புறம் மூணு வாரத்துக்கு எங்க அப்பாகிட்ட ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்கு எடுத்துக்க."