பில்லின் பின்பக்கம்

மழைக்கோட்டுக்குள் செருகிய பிளாஸ்டிக் உறையோடு மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கும் கிராணி அக்காவைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன். உறைக்குள், வேலை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர்களின் பில்கள் இருக்கும். ஈப்போவுக்கு வெளியே, எங்கள் நகராண்மைக் கழகத்தின் நிதிப் பிரிவில் அவர் மூத்த கிராணி, அதாவது எழுத்தர். கால்வாயோ தெருவிளக்கோ, எந்த வேலைக்குப் பில் வந்தாலும் முன்பக்கத்தில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை குத்திக் கையெழுத்திடுவார். பிறகு அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, கண்டதைப் பின்பக்கத்தில் எழுதுவார். மேலதிகாரி அதைப் புரட்டிப் படித்த பிறகே பணம் போகும். எந்த விதியிலும் இல்லாத பழக்கம் அது. அக்கா ரப்பர் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். “காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல, ஆளப் பாக்காம பேரு போட மாட்டாங்க, தங்கச்சி. இதுவும் அப்படித்தான் லா” என்பார்.

கழகத்தின் செலவுகளை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தளம் அமைக்கும் வேலை எனக்கு வந்தது. பட்டியல் போட்டேன்: பில்லை ஸ்கேன் செய்வது, எண் கொடுப்பது, தளத்தில் ஏற்றுவது, தாளை அழிப்பது. “ஒன் லிஸ்ட்ல சோறு எத்தனாவது? வா, சாப்புட்டு வரலாம்” என்று அக்கா கேலி செய்வார். வேலை வேகமாக நடக்கட்டும் என்று, ஒருபக்கம் மட்டும் எடுக்கும்படி ஸ்கேனரை அமைத்தேன். அவர் பின்னால் எழுதுவது எனக்குத் தெரியும். அமைத்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

அவர் பிறந்த தோட்டத்தின் தொழிலாளர் லயங்களை இடித்துக் கட்டிய குடியிருப்புக்கு ஒரு கால்வாய் பில் வந்தது. ‘மண்கூட வெட்டவில்லை, பணம் தர வேண்டாம்’ என்று பின்னால் எழுதினார். ஸ்கேனர் முன்பக்கத்தை எடுத்தது. தாள் அழிந்தது. திரையை மட்டும் பார்த்த மேலதிகாரி அனுமதி கொடுத்தார். அடுத்த பெருமழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, அங்கிருந்தவர்கள் எங்கள் தளத்தைத் திறந்தார்கள். ‘பணி முடிந்தது’ என்றிருந்தது. கூடவே அக்கா கையெழுத்திட்ட பில்.

“நம்ம தோட்டத்துப் புள்ளன்னு நெனச்சோமே, எவ்வளவு வாங்குன?” என்று எங்கள் அலுவலக முகப்பில் ஒரு பெரியவர் கத்தினார்.

விசாரணையில், பின்னால் எழுதியதாகச் சொன்னார். காட்டத் தாள் இல்லை. தாள்கள் எல்லாம் ஸ்கேன் ஆனதா என்று என்னிடம் கேட்டார்கள். ஒன்றுகூட விடுபடவில்லை என்றேன். அது உண்மை. அவர்கள் கேட்டது அவ்வளவுதான். நான் சொன்னதும் அவ்வளவுதான். அக்காவை வாகன அபராதம் வசூலிக்கும் முகப்புக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் வேலையை விட்டார். கடைசி நாளில் படிக்கட்டில் என்னைக் கண்டு, “எல்லாரும் பாக்கணும்னு செஞ்சல்ல? நல்லாப் பாத்துட்டாங்க லா” என்றார். சிரிக்கவில்லை.

இப்போது தைப்பிங்கில் மகளோடு இருக்கிறாராம். எங்கள் தளத்தைப் பாராட்டி, மற்ற ஊர்க் கழகங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான்தான் விளக்குகிறேன்.

விசாரணை முடிந்த அன்றே, இருபக்கமும் எடுக்கும்படி ஸ்கேனரை மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மாற்றிய நாள், நேரம், என் பெயர் மூன்றும் கணினியின் பதிவேட்டில் இருக்கின்றன. பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவற்றின் பட்டியலில் அந்தப் பதிவேடு இல்லை. அந்தப் பட்டியலையும் நான்தான் போட்டேன்.