அத்தான் வேனில் அடித்த வாடை

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் முதல் குளிர் இறங்கும் வாரத்தில் எனக்கு எலி எடுக்கிற வேலை. நான் கார் மெக்கானிக், அதிலும் ஹீட்டர், ஏசி மட்டும் பார்ப்பவன். கோடை முழுக்கத் தொடாமல் கிடந்த ஹீட்டரை இங்குள்ளவர்கள் அந்த வாரம்தான் போடுவார்கள். போட்டதும் காருக்குள் ஒரு வாடை கிளம்பும். முன்கண்ணாடிக்கு அடியில் வெளிக்காற்று நுழைகிற வழியாக எலி புகுந்து, காற்றாடிப் பெட்டிக்குள் பஞ்சும் காகிதமும் சேர்த்துக் கூடு கட்டி, குட்டி போட்டு, சில சமயம் அங்கேயே செத்தும் போயிருக்கும். நான் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே கையை விடுவேன். பதினோரு வருடமாக விடுகிறேன், இன்னும் குமட்டுகிறது.

ஒரு முறை வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். இடுக்கியில் பிடித்து வெளியே எடுத்தபோது, “அடப் பாவமே” என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “பரவாயில்லை மேடம், பழகிவிட்டது” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து, எலியை அதில் வைக்கச் சொல்லி, தோட்டத்தில் புதைக்க எடுத்துப் போனார். அதுவும் எங்கே வைத்துக்கொண்டு போனார் தெரியுமா? முன்சீட்டில், தன் மதியச் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் காரில் ஹீட்டர் என்பதே புதிதாக இருக்கும். உங்கள் காரிலும் அது இருக்கிறது. டேஷ்போர்டில் நீலமும் சிவப்புமாக ஒரு திருகு இருக்கிறதே, அதன் சிவப்புப் பக்கத்தை யாராவது தொட்டிருக்கிறீர்களா? இஞ்சின் ஓடும்போது அதைச் சுற்றி வருகிற தண்ணீர் கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது. அதில் கொஞ்சத்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன ரேடியேட்டருக்குத் திருப்பி, அதன்மேல் காற்றாடியை ஓடவிட்டால் ஹீட்டர். அவ்வளவுதான், வீணாய்ப் போகிற சூடு. ஏசி அப்படி இல்லை. ஏசி குளிரை உண்டாக்குகிறது என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அது உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கேஸை கம்ப்ரஸர் அழுத்தும், அழுத்திய கேஸ் கடுமையாகச் சூடாகும். வண்டியின் மூக்கில் இருக்கிற கண்டென்ஸரில் அந்தச் சூடு காற்றோடு போய்விட, கேஸ் திரவமாகும். அந்தத் திரவத்தை டேஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயிலில் திடீரென்று விரியவிட்டால், சுற்றியுள்ள சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டு மறுபடியும் கேஸாகும். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு ஒரு முழத் தூரத்தில் அந்தக் காயில் இருக்கிறது. அதில் பொத்தல் விழுந்தால் உள்ளே இருப்பது உங்கள் மூக்குக்குத்தான் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தொழில் பழகியது திருநெல்வேலி ரோட்டில் செல்லையா அண்ணாச்சியின் பட்டறையில். அங்கே கேஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மீட்டர் கிடையாது. ஸ்க்ரூடிரைவரை வால்வின் ஊசியில் வைத்து ஒரு அழுத்து அழுத்துவோம். புஸ்ஸென்று சீறினால் இருக்கிறது. வண்டிக்காரருக்குச் சந்தேகம் வந்தால் அவர் உள்ளங்கையை நீட்டச் சொல்லி அதில் அடித்துக் காட்டுவோம். ஒரு முறை ஒருவருக்குத் தோல் வெந்ததுபோல் உரிந்துவிட்டது. மஞ்சளை அப்பி அனுப்பினோம். பழைய கேஸை வெறும் காற்றில் திறந்துவிட்டு, பக்கத்திலேயே நின்று பீடி குடிப்போம். இங்கே வந்த முதல் வாரத்தில் பழக்க தோஷத்தில் அப்படித்தான் ஒரு வால்வை அழுத்தினேன். முதலாளி ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். இங்கே கேஸைத் தொட ஒரு அட்டை வேண்டும், அதற்குப் பரீட்சை உண்டு. மெஷின் பழைய கேஸை உறிஞ்சி சிலிண்டரில் அடைக்கும். குழாய்களை வெற்றிடமாக்கி ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகு, வண்டிக்கு எத்தனை கிராமோ அத்தனை கிராம்தான் நிரப்ப வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. அந்தச் சமயத்தில் இந்த ஜனங்களின் கெடுபிடி எனக்குச் சிரிப்பாக இருந்தது.

போன மே மாதம் ஊருக்குப் போனேன். என் அக்காவின் கணவர் கணேசன் அத்தான் ஒரு வேன் வைத்திருக்கிறார். பள்ளிக்கூட நாளில் பிள்ளைகளை ஏற்றுவார், பிள்ளைகளை ஏற்றி இறக்க அக்காவும் கூடப் போவாள். லீவில் திருச்செந்தூர் சவாரி. வந்த மறுநாள் காலையில் என்னைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போக வேனை எடுத்தார்.

“மாப்ளே, வெளிநாட்டுல ஏசி வேல பாக்கீரு. நம்ம வண்டி ஏசிய ஒரு தடவ பாரும். ஐஸு மாதிரி அடிக்கும்வே!”

உண்மைதான், ஐஸ் மாதிரித்தான் அடித்தது. ஆனால் கூடவே ஒரு வாடை. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி, அடுப்படியில் ரப்பர் குழாய் நெகிழ்ந்தால் வருமே, அந்த வாடை. அதன்மேல் மல்லிகைப்பூ ஊதுபத்தி.

“அத்தான், என்ன வாடை அடிக்கு?”

“அது ஏசி வாடைவே. செல்லையா அண்ணாச்சி புது கேஸ் போட்டதுல இருந்து அப்படித்தான். பத்தி கொளுத்தி வச்சா தெரியாது” என்றவர், ஏசியை ஓடவிட்டபடியே, டேஷ்போர்டில் இருக்கும் முருகனுக்கு முன்னால் தட்டில் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார். சவாரி கிளம்பும்போது தினமும் செய்வதுதான். பள்ளிக்கூட நாளிலும் செய்வார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் குச்சியை உரசுவதற்குள் பாய்ந்து கையைத் தட்டிவிட்டேன். தட்டு கவிழ்ந்து சூடம் மிதியடியில் விழுந்தது.

அக்கா வாசலிலிருந்து கத்தினாள். “சாமிக்குக் காட்டுதத தட்டிவிட்டுட்டியேலே! கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?”

“அக்கா, வண்டிக்குள்ள சமையல் கேஸு ஒழுகுது. அத்தான், கீழ எறங்குங்க.”

அத்தான் இறங்கினார், ஆனால் நம்பவில்லை. வெளிநாடு போய்வந்தவன் எதைப் பார்த்தாலும் குறை சொல்வான் என்கிற பார்வை. என்னைத் திருச்செந்தூர்க் கோயிலுக்குப் பதிலாகச் செல்லையா அண்ணாச்சியின் பட்டறைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். வேனை வீட்டிலேயே விட்டுவிட்டு பைக்கில் போனோம். பட்டறை மூலையில் சாக்குப் போட்டு மூடிய ஒரு சிவப்பு சிலிண்டர் இருந்தது. சாக்கை நான் விலக்கியதும் அண்ணாச்சி சிரித்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறார், டீ சொல்லவா என்றுதான் கேட்டார்.

“அண்ணாச்சி, வீட்டு கேஸையா வண்டியில ஏத்துதீய? பிள்ளைக போற வண்டி!”

“என்னல ஆச்சு இப்பம்? நல்லா கூலிங் வருதுல்லா. உங்க ஊருலயும் புதுக் காருக்குத் தீப்பிடிக்குத கேஸுதான் போடுதாங்களாமே?”

“அது லேசுல பத்தாது. அந்த வண்டியவே அதுக்குன்னு செஞ்சிருக்கான்.”

“இதுவும்தான் இன்னவர பத்தல” என்றவர், சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பெரிய இவன் மாதிரி பேசுதியே, இத ஆரம்பிச்சது யாருல? டீ போடுத சிலிண்டரத் தூக்கிட்டு வந்தது நானால?”

நான்தான். வைகாசி விசாகத்துக்கு முந்தின நாள், மதுரையிலிருந்து வரவேண்டிய கேஸ் வரவில்லை. திருச்செந்தூர் போகிற நாலு கார்கள் பட்டறையில் வரிசையாக நின்றன. எங்கேயோ யாரோ செய்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். டீ அடுப்பின் குழாயைக் கழற்றி வண்டியில் மாட்டியது நான். குளிர் பிரமாதமாக வந்தது. அண்ணாச்சி என் முதுகில் தட்டினார், நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பிறகு கனடா போனேன், பரீட்சை எழுதினேன், அட்டை வாங்கினேன், அந்தச் சிலிண்டரை மறந்துபோனேன். அது மட்டும் அதே மூலையில் இருந்து, வண்டி வண்டியாக ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. எலிக்கூட்டில் கைவைக்கும்போது வருகிற குமட்டல் அன்று எனக்கு என்னை நினைத்தே வந்தது.

அன்று மாலையே வேனின் கதவுகளையெல்லாம் திறந்து காற்றாட விட்டு, அறுத்துப் போட்டிருந்த வயலின் களத்துமேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஆற்றங்கரையில் நிழலாக இருக்குமே என்றார் அத்தான். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும், மேடுதான் வேண்டும் என்றேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். போன்களையும் தீப்பெட்டியையும் அக்காவிடம் கொடுத்துத் தூரத்தில் நிற்கச் சொன்னேன். நீளக் குழாயை மாட்டி, காற்று வீசும் திசை பார்த்து, கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டேன். கனடாவில் அப்படி விட்டால் என் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அது முடிந்த பிறகு டேஷ்போர்டைப் பிரித்துக் கூலிங் காயிலை எடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் யாரும் அதன் கதையைப் படிக்க வேண்டாம். முடி, கரப்பான் இறக்கை, திருநீறு, பிஸ்கட் தூள், எல்லாம் ஒரு பச்சைக் கொழகொழப்பில் ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் ஊசி நுழைகிற அளவு ஒரு பொத்தல். பிள்ளைகள் அதன் வழியாக வந்த காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள்.

புதுக் காயில் மதுரையிலிருந்து வர நாளாகும் என்றார்கள். அதற்குள் என் லீவு முடிந்துவிடும். இனி இந்த வண்டியில் சமையல் கேஸ் ஏறினால் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவேன் என்றேன். அக்கா அழுதுவிட்டாள். “எங்க சோத்துல மண்ணப் போட்டுறாதலே” என்றாள். புதுக் காயில் மாட்டி நல்ல கேஸ் போடுகிறவரை ஏசியே போடமாட்டேன் என்று அத்தான் முருகன்மேல் சத்தியம் செய்தார். நானும் ஏற்றுக்கொண்டேன். அந்தப் பழைய காயிலை அப்போதே மிதித்து நசுக்கியிருக்க வேண்டும்.

ஜூனில் பள்ளி திறந்தது. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே முந்தின நாள் இரவுச் சாப்பாடு முடிகிற நேரம், வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும். தினமும் அந்த நேரத்துக்கு அக்காவைக் கூப்பிடுவேன். பாசமாகக் கூப்பிடுகிறேன் என்று அவள் நினைத்தாள். நான் பேச்சைக் கேட்கவில்லை, இரைச்சலைக் கேட்டேன். சன்னல் திறந்திருந்தால் காற்று போனில் மோதும், பஸ் ஹார்ன் காதைக் கிழிக்கும், அக்கா கத்துவாள், பாதி புரியாது. அந்த இரைச்சல் இருந்தால் ஏசி ஓடவில்லை, எனக்கு அது போதும். ஊரிலிருந்து வரும் போனில் குரல் தெளிவாக இல்லையே என்று நம்மவர்கள் அலுத்துக்கொள்வார்கள். நான் அதற்காகவே போன் போட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் அக்காவின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்டது.

“ஏலே தம்பி, சாப்ட்டியா?”

“எங்க இருக்கக்கா?”

“வண்டியிலதான். கல்லிடைக்குறிச்சி தாண்டிட்டோம்.”

பின்னால் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் கேட்டதுகூடக் காதில் விழுந்தது.

“சன்னல் மூடியிருக்கா?”

“பிள்ளைகளுக்கு வேர்த்துக் கொட்டுதுன்னு பெத்தவங்க ஒரே சத்தம்லே. செல்லையா அண்ணாச்சி பழைய காயிலயே பொத்தலப் பத்தவச்சு அடச்சுக் குடுத்துட்டாக. அத்தான் நேத்துதான் அங்கயே கேஸு போட்டுட்டு வந்தாக.”

“சன்னலத் தொற. எல்லாத்தையும் தொற. இப்பமே!”

திறந்தாள். இரைச்சல் வந்தது. பிள்ளைகள் இறங்கும்வரை போனை வைக்காமல் நின்றேன். வைத்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பொத்தலை, அந்தச் சிலிண்டரை, முதலில் அதை மாட்டியவன் யார் என்பதை.

அத்தானைப் பள்ளிக்கூட வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று வேறு ஆள் மூலம் தெரிந்தது. இப்போது திருச்செந்தூர் சவாரி மட்டும்தானாம். வண்டியில் என்ன கேஸ் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நான் இன்னும் அதே நேரத்துக்குக் கூப்பிடுகிறேன். அக்கா எடுப்பதில்லை. அடித்து ஓயும்வரை காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மணி அடிப்பதை வைத்துச் சன்னல் திறந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.