நட்சத்திரமிட்ட கேள்வி

டீச்சர் அந்த மனுவை இடது கையால் நிரப்பினார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவருடைய கணவர் அந்தக் கையைக் கதவிடுக்கில் பிடித்துவைத்து ஓங்கிச் சாத்தியிருந்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டியவர், பிழை வந்தால் என் மகனிடம் கணக்கு நோட்டைப் பார்த்துச் சொல்வதுபோல, “திருப்பிப் போடு” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அவர் நிரப்பிக்கொண்டிருந்தது நான் உருவாக்கிய படிவம்.

அப்போது ஹைதராபாதில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் இணையத்தில் வரிசையாக வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும், கடைசியில் மனு அச்சிடத் தயாராக வந்துவிடும். எந்தக் கேள்விக்குக் கட்டாயம் பதில் வேண்டும் என்று தீர்மானித்து அதன் அருகே சிவப்பு நட்சத்திரம் போடுவது என் பொறுப்பு. எங்களுக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் அம்மா ஒரு கூட்டத்தில், மனு போடுகிற பெண் இப்போது தங்கியிருக்கும் முகவரிக்கு நட்சத்திரம் வேண்டாம், வக்கீலின் முகவரியைக் கொடுக்க வழி வையுங்கள் என்றார். மனுவின் நகல் ஒன்று கணவனுக்கும் போகும் என்பதை நினைவூட்டினார். குறித்துக்கொண்டேன். வெளியிடும் நாள் நெருங்கிவிட்டதால், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன்.

டீச்சர் அதே ஊரின் மெட்டுகுடா பகுதியில் பிறந்து வளர்ந்தவர். மூன்று தலைமுறையாக ரயில்வே வேலையில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். சாயங்காலங்களில் என் மகனுக்குக் கணக்கு சொல்லித்தர வருவார். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சுடிதார். ஒருநாள் துப்பட்டா நழுவியபோது கழுத்தின் இரு பக்கமும் விரல் தடங்களைப் பார்த்தேன். என் முகம் மாறியதைக் கவனித்தவர், “நக்கோ சிஸ்டர், வேணாம், பையன் இருக்கான்” என்று அந்த ஊர் உருது கலந்த தமிழில் சொன்னார். மணிக்கட்டு முறிந்த அன்றுதான் பதினொரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, ஊரின் வடகோடியில், அல்வாலில் ஒரு தோழியின் மாடிப் போர்ஷனில் ஒளிந்திருந்தார். பள்ளிக்கூட வாசலிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று கணவரிடமிருந்து செய்தி வந்தபடியே இருந்தது. மகள் தன்னிடமே இருக்க நீதிமன்ற உத்தரவு கேட்கத்தான் என்னிடம் வந்தார்.

முகவரிக் கேள்வி வந்ததும் அவருடைய விரல் நின்றது.

“இது எழுதியே ஆகணுமா?”

“எழுதலன்னா அடுத்த பக்கம் போகாது, டீச்சர்.”

“கைக்கு? எதுக்காக? இந்த வீடு யாருக்கும் தெரியக் கூடாதே.”

“கோர்ட்டுக்கு மட்டும்தான்.”

வக்கீல் அம்மா சொன்னது அந்த நொடியில் எனக்கு நினைவுக்கு வந்தது. வரவில்லை என்று இத்தனை நாளுக்குப் பிறகு எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வந்தது. இன்னும் இரண்டே பக்கம், முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் அதை ஒதுக்கினேன். டீச்சர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, கதவு எண், தெரு, பின்கோடு என்று நிதானமாகத் தட்டினார்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மாவுக்கட்டைப் பிரித்திருந்தார். தோசை வார்த்துக்கொண்டே, நோட்டீஸ் போயிருக்கும், இனி பயமில்லை என்று பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு சுவரில் மோதியது. உள்ளே வந்தவர் டீச்சரின் கணவர், லிஃப்ட் ஃபிட்டர். வேலைக்குக் கொண்டுபோகும் பெரிய ஸ்பேனர் கையில் இருந்தது. சட்டைப் பையில் நீதிமன்றத்தின் நீளமான பழுப்பு உறை துருத்திக்கொண்டிருந்தது. முதல் அடி டீச்சரின் தாடையில் விழுந்தது. டீச்சர் விழுந்ததும் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். குறுக்கே விழுந்த என்னை ஒரு கையால் தூக்கி எறிந்தார். இரண்டாவது அடி காதோரம். பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த மகள், என் போனை எடுத்துப் போலீஸிடம் தெலுங்கில் சொன்னாள்: “நான்னா அம்மனி சம்பேஸ்துன்னாடு.” அப்பா அம்மாவைக் கொல்கிறார் என்று. முகவரியைத் தெளிவாக இரண்டு முறை சொன்னாள்.

நான் அடுப்பிலிருந்த தோசைக்கல்லை எடுத்தேன். உள்ளங்கை பொசுங்கியது அப்போது தெரியவில்லை. அவருடைய பிடரியில் அடித்தேன். ஸ்பேனர் கீழே விழுந்தது, அவரும் முழங்காலில் சரிந்தார். சரிந்த பிறகும் அடித்தேன். கீழ்வீட்டுக்காரர் வந்து என் இரு கைகளையும் பின்னால் பிடித்து இழுக்காவிட்டால் நிறுத்தியிருப்பேனா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த மனிதரைக் கொல்ல வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என்னிடம் இல்லை.

டீச்சரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். இடது காது கேட்கும் திறனை இழந்தது. மருத்துவமனையில் நான்காம் நாள், வக்கீல் அம்மா முன்பே சொன்னதையும் நான் தள்ளிவைத்ததையும் அவரிடம் சொன்னேன். அவர் மகளின் நோட்டை வாங்கி எழுதினார்: “நீங்க கேட்டீங்க, எழுதினேன். அடுத்து வர்றவகிட்ட கேக்காதீங்க.” மன்னித்ததாக எழுதவில்லை. நானும் அதை எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனேன். மேலாளர், அடுத்த மாதத் திருத்தங்களோடு சேர்த்துச் செய்யலாமே என்றார். அந்த நட்சத்திரம் போகும்வரை நான் இங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை என்றேன். அவர் நிரல் எழுதுகிறவரை உடனே கூப்பிட்டார். படிவத்தில் எழுதுவது எதிர்த்தரப்பின் கண்ணில் படும் என்ற எச்சரிக்கையையும் அன்றே மூன்று மொழிகளில் சேர்த்தோம்.

கணவர் சிறைக்குப் போனார். மகள் தாயிடமே இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. அதன்பின் ஒரு வாரத்துக்குள் இருவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு மகள் அழைப்பாள். ஒவ்வொரு முறையும் வேறு எண். எந்த ஊர் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பிளஸ் ஒன்னில் கணக்கு எடுத்திருக்கிறாளாம். போனமுறை டீச்சரே வாங்கி, கேட்கிற காதில் வைத்துக்கொண்டு, என் மகனின் மார்க்கை விசாரித்தார். பின்னால் ஏதோ பேருந்தின் ஹாரன், யாரோ காய் விற்கும் குரல். என்ன மொழி என்று கவனிக்கத் தொடங்கிய நான், போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.