வேர்க்கடலைக் குதிரைப்படை

நேற்று மாலை கடற்கரைச் சாலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு குதிரை போனது. அந்தக் குளம்புச் சத்தத்தில் சித்தப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் குருசுக்குப்பத்து வீட்டுக்கு வருவார். வறுத்த வேர்க்கடலையைத் தரையில் பரப்பி, கடலைகளையே குதிரை வீரர்களாக நகர்த்தி, நெப்போலியன் காலத்துக் குதிரைச் சண்டை ஒன்றைச் சொல்வார். பெரிய போர் இல்லை. ஏதோ ஓர் ஆற்றங்கரையில் இரண்டு சின்னப் படைகள் மோதிக்கொண்டன. தோற்று ஓடும்போது, குதிரையிலிருந்து விழுந்த சிநேகிதனைத் தூக்க ஒரு வீரன் மட்டும் திரும்பிப் போவான். அந்த இடம் வந்தால் சித்தப்பாவின் குரல் இறங்கிவிடும்.

ஒருநாள், மில் வேலைக் களைப்போடு சாய்ந்திருந்த அப்பா, விழுந்த சிநேகிதனாகக் கிடந்த கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உன் ஆளு காலிடா" என்று சிரித்தார்.

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"போயி கூப்புடுங்க" என்றாள் அம்மா.

"எங்க போயிடப் போறான்? அடுத்த வாரம் வருவான்."

அவர் வரவில்லை. அப்பாவும் போகவில்லை. சித்தப்பா குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய், அங்கேயே இறந்தார்.

பல வருஷம் கழித்து ஊருக்கு வந்த சித்திதான் அப்பாவிடம் சொன்னாள்: "ராணுவத்துல இருந்தப்ப, அல்ஜீரியா சண்டையில இவருகூட இருந்தவரு குண்டடி பட்டு வுழுந்துட்டாராம். இவரால திரும்பிப் போயி தூக்க முடியல, மாமா. கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு."

அப்பா, "அந்த ஆளு பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

சித்திக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தவர் சித்தப்பா ஒருவர்தான்.