ஐந்து ஸ்ரீ கார்

கல்முனைக்குடியில் வாடகைக் கார் ஓடிய ஸலாஹுதீன் காக்காவை எல்லாருக்கும் தெரியும். அவருடைய மொரிஸ் மைனருக்கு 'ஐந்து ஸ்ரீ' நம்பர். கறுப்புத் தகட்டில் வெள்ளை இலக்கம், நடுவில் சிங்கள ஸ்ரீ. அதற்கு முந்திய கார்களுக்கு இங்கிலீஷ் எழுத்து. எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீயும் போய், இலக்கமும் நடுவில் ஒரு கோடும் மட்டும் வந்தன. 58இல் அந்த ஒற்றைச் சிங்கள எழுத்தின்மேல் தார் பூசி, அதற்காக அடிபட்ட நாடு இது. பிறகு சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய வண்டிக்குப் பழைய நம்பர்தான். எத்தனை கை மாறினாலும் அது மாறாது.

கை மாறுவதில் எங்கள் ஆட்கள் ஒரு வேலை செய்வார்கள். பெயர் மாற்றக் கொழும்புக்குப் போகவேண்டுமே என்ற பஞ்சியில், விற்பவர் வாங்குபவர் பெயரை எழுதாத படிவத்தில் வெறும் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவார். 'ஓபன் பேப்பர்' என்று அதற்குப் பெயர். காரைதீவில் வயல் செய்த கனகரெத்தினத்துக்குக் காக்கா 89இல் காரை விற்றதும் அப்படித்தான். கொழும்புப் பதிவில் கார் காக்காவுடையதாகவே இருந்தது.

அடுத்த வருஷம் பிரச்சினை வெடித்தது. தமிழர் ஊருக்குள் முஸ்லிம்களான நாங்களும் எங்கள் ஊருக்குள் அவர்களும் கால்வைக்கப் பயந்த காலம். தமிழ் இயக்கத்து ஆயுதக்காரர்கள் கனகரெத்தினத்திடம் காரைப் பறித்துக்கொண்டு போனார்கள். அது ஒரு செக்பொயின்ற்றில் நிற்காமல் ஓடியது. நம்பரைக் குறித்துக்கொண்ட ஆமி, பதிவைப் பார்த்துக் காக்காவின் வாசலுக்கு வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனது.

யாருக்கு விற்றாய் என்பதுதான் கேள்வி. பெயரைச் சொன்னால் காக்கா அன்றைக்கே வீடு வரலாம். ஆனால் இயக்கத்துக்குக் கார் கொடுத்த தமிழன் என்று கனகரெத்தினத்தைப் பிடித்தால் உயிரோடு விடுவார்களா?

"கார் என்ட பேரிலதானே இரிக்கி. அது என்டதான்," என்றார் காக்கா.

அடித்தார்கள். மாசக்கணக்கில் வைத்திருந்தார்கள். மனைவி றுகையா பார்க்கப்போன நேரமெல்லாம், "பேரச் சொல்லிட்டு வாங்களே, புள்ளைகள நெனச்சிப் பாருங்க" என்று கெஞ்சினாள். எனக்கும் காக்கா மேல் கோபம்தான். பிள்ளைகுட்டிக்காரன் இப்படியா பிடிவாதம் பிடிப்பது? கடைசியில் விட்டபோது அவருக்கு இடுப்பு நிமிரவில்லை. அதன் பிறகு அவர் கார் ஓடவேயில்லை. கனகரெத்தினத்தை யாரும் தேடிப் போகவுமில்லை.

96இல் காக்கா மௌத்தானார். மையத்தை அடக்குமுன் தொழும் ஜனாஸாத் தொழுகைக்கு முன் வழக்கப்படி மகன் மர்சூக் எழுந்து, "எங்கட வாப்பா ஆருக்காவது ஏதும் குடுக்க இரிந்தா எங்களிட்டச் சொல்லுங்க" என்று கேட்டான்.

பள்ளிவாசல் மதிலோரம் நின்ற ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னுக்கு வந்தார். கனகரெத்தினம்.

"எனக்கு அவர் ஒண்டும் தரத் தேவல்ல, தம்பி," என்றார். "நான்தான் அவருக்குக் குடுக்கணும். இந்த உசிர் அவர் தந்தது. இனி நான் ஆரிட்டக் குடுக்கிற?"