நான் பிடுங்கிய அடம்பங்கொடி

அறுபதுகளின் நடுவில், கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கணவருக்குச் சிதம்பரத்தில் வேலை. சனிக்கிழமை ரயிலில் வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். எங்கள் முதல் குழந்தை, பெண், பதினோரு நாள் இருந்தாள். பெயர்கூட வைக்கவில்லை. குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்மேட்டின் உச்சியில், தாழம்புதருக்குப் பக்கத்தில் அவர்தான் கொண்டுபோய்ப் புதைத்தார். அடையாளத்துக்கு ஒரு கருங்கல் துண்டு வைத்திருப்பதாகச் சொன்னார். அது தை மாசம்.

பெண்கள் அங்கே போகக் கூடாது என்பார்கள். நான் போனேன். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போனேன். மேடு முழுக்க அடம்பங்கொடி படர்ந்து, ஊதாப் பூவோடு கல்லின் மேலேயும் ஏறியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. பதினோரு நாள் பிள்ளைமேல் இவ்வளவு கொடியா? பிடுங்கிப் போட்டேன். கல்லைச் சுற்றி ஆரம்பித்தது, போகப்போக ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு ஆகிவிட்டது. கீழேயிருந்து பார்த்தாலே கல் தெரிய வேண்டும், எனக்கு அவ்வளவுதான். ராவணன் மீசை என்று ஒரு முள்ளுப்புல், கையைக் கிழிக்கும். அதையும் விடவில்லை.

பக்கத்து வீட்டு மீன்காரி, என் வயசுதான், ஒருநாள் மேட்டில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"கொடிய ஏன் டீச்சரம்மா புடுங்குறீங்க? அதான மண்ணப் புடிச்சிக்கினு கெடக்குது."

"எனக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரு" என்றேன். எனக்குத் தெரியாது. டீச்சர் என்கிற திமிர்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. பிடுங்கிய இடத்தில் கொடி திரும்பத் தளிர்க்கவில்லை. திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் புதுசு புதுசாக வீடுகள் எழும்பின. பேஸ்மட்டம் நிரப்ப மாட்டுவண்டிகள் வந்து மேட்டின் அடிவாரத்தில் மணல் அள்ளிப் போயின. அடுத்த சித்திரையில் கடற்காற்று ஆரம்பித்ததும் மேடு நகரத் தொடங்கியது. மத்தியானம் ஆனால் வீட்டுக்குள் மணல். சோற்றில், தலையணையில், பூட்டிவைத்த டிரங்குப் பெட்டிக்குள். பெருக்கித் தள்ளினால் மறுநாள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் மேலே போனேன். கல் இருந்த இடம் இடுப்பளவு பள்ளமாக இருந்தது. தாழம்புதர் வேர் தெரியச் சாய்ந்துகிடந்தது. கல் சரிவில் உருண்டு கீழே கிடந்தது. அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வேறெதையும் தேடவில்லை. தேடப் பயமாக இருந்தது.

நேராக வண்டிக்காரர்களிடம் போய்க் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தர், "நாங்க கீழதாம்மா அள்றோம். மேல யாரோ கொடிய மொத்தமா வழிச்சிட்டாங்க, அங்கேருந்துதான் பறக்குது" என்றார். வீட்டுக்கு வந்தேன். அவர்கள் அள்ளியதும் சேர்ந்துதான் மேடு சரிந்திருக்கும். ஆனால் உச்சியை மொட்டையடித்தவள் நான்.

அதற்குப் பிறகு வீட்டைப் பெருக்க என்னால் முடியவில்லை. எந்த மணலை வெளியே தள்ளுகிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? விளக்குமாற்றோடு வாசல்வரை கூட்டிக்கொண்டு போவேன், அங்கேயே நின்றுவிடுவேன். மீன்காரி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனியில் சிதம்பரத்துக்கு மாற்றல் கிடைத்தது. புது வீட்டில் மூட்டையை அவிழ்த்தபோது பாய்ச்சுருளிலிருந்து மணல் கொட்டியது. அவர் பாயைத் தூக்கிக்கொண்டு வாசலில் உதறப் போனார்.

"உதறாதீங்க" என்றேன்.

ஏன் என்று திரும்பினார். அதுவரை அவரிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. கொடியைப் பிடுங்கியது, பள்ளம், கல், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பாயை மெதுவாகக் கீழே வைத்தார். தரையில் சிந்தியிருந்ததை உள்ளங்கையால் கூட்டிக்கூட்டி ஒரு இடத்தில் சேர்த்தார். ஒரு கைப்பிடிதான் தேறியது.

"கல்லு எங்க?"

"டிரங்குப் பெட்டியில இருக்கு."

எழுந்துபோய் எடுத்துவந்து, அந்த மணல்மேல் வைத்தார்.